மூன்று பஸ்ஸும் ஒன்றாய் வரும் வழி

அச்சுவேலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பஸ் விடுகிற உரிமையாளர்களுக்கும் சாரதிமாருக்கும் நடத்துநர்மாருக்கும்,

பஸ்ஸைப் பற்றி முறைப்பாடு என்றால் அதை மேலே அனுப்புவதுதான் நம்மூர் வழக்கம். வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கு ஒன்று, ஆளுநர் அலுவலகத்துக்கு ஒன்று, பிரதிகள் பத்திரிகைகளுக்கு. அந்த வேலையை மற்றவர்கள் செய்யட்டும். இந்த மடல் உங்களுக்கு. நான் சொல்லப்போகிற காரியத்துக்குப் புதிய பஸ் வேண்டியதில்லை, புதிய வீதி வேண்டியதில்லை, கொழும்பிலிருந்து பெரிய கையெழுத்தும் வேண்டியதில்லை. உங்களுக்கே எழுத இன்னொரு காரணமும் உண்டு. தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிக் காட்டியது உங்கள் தொழில்காரர். 2022இல் எரிபொருள் வரிசையில் காய்ந்துவிட்டு வந்து பஸ்ஸை எடுத்ததும் உங்கள் தொழில்காரர்தான். இல்லாத காலத்திலேயே வழி கண்டவர்களுக்கு, இருக்கிற பஸ்ஸை ஒழுங்குபடுத்துவது பெரிய காரியமாக இருக்காது.

யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஊர் பஸ் ஒன்று புறப்படுகிற விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். நடத்துநர் மிதிபலகையில் ஒரு காலும் நிலத்தில் ஒரு காலுமாக நின்று ஊர்ப்பெயரைக் கூவுவார். பஸ் இரண்டடி முன்னுக்கு நகரும். வெளிக்கிட்டுவிட்டது என்று நினைத்து, போதனா வைத்தியசாலைக் கிளினிக் முடிந்து வந்த அம்மா மருந்துப் பையோடு ஓடிவந்து ஏறுவார். ஏறினதும் பஸ் பழையபடி நிற்கும். ஒருவாறு வெளிக்கிட்டாலும் சந்திக்குச் சந்தி ஊர்ந்துதான் போகும். பிறகு, கோப்பாயிலோ நீர்வேலியிலோ, பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ்ஸின் முகம் தெரிந்தவுடன் எல்லாம் மாறிவிடும். அதுவரை ஆமையாக வந்த வண்டி புத்தூர் வரைக்கும் பறக்கும். சிறுப்பிட்டியில் தரிப்பிடத்தில் கைகாட்டுகிற கிழவருக்கு நிற்க அப்போது நேரமில்லை. ஏறத்தாழ பதினாறு கிலோமீற்றர் பாதை. அதிலே முதல் பாதி காத்திருப்பு, மறுபாதி ஓட்டப்பந்தயம். இதை யாரும் கெட்ட மனத்தோடு செய்வதில்லை. அன்றைய வருமானத்தில் பங்குதான் சம்பளம் என்று இருக்கிற எவரும் இப்படித்தான் ஓட்டுவார். நானாக இருந்தாலும் ஓட்டுவேன்.

ஆனால் இந்த ஓட்டம் உங்களுக்கு உண்மையிலேயே காசு தருகிறதா? ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். மணித்தியாலத்துக்கு மூன்று பஸ், நிமிடத்துக்கு ஒரு பயணி வீதிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கங்கள் கணக்குக்காக, உங்கள் பாதைக்கு ஏற்றபடி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், விடை பெரிதாக மாறாது. மூன்று பஸ்ஸும் இருபது நிமிட இடைவெளியில் வந்தால் ஒவ்வொன்றிலும் இருபது பேர் ஏறுவார்கள். ஒருவர் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்பார். இப்போது அதே மூன்று பஸ்ஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருகின்றன என்று வைப்போம்: ஐம்பது நிமிடம் ஒன்றுமில்லை, பிறகு ஐந்தைந்து நிமிட இடைவெளியில் மூன்று. முதல் பஸ்ஸில் ஐம்பது பேர். இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் ஐந்து. சராசரிக் காத்திருப்பு இருபத்தொரு நிமிடத்தைத் தாண்டிவிடும். டீசல் அதே அளவு, ரயர் தேய்வு அதே அளவு, வேலை செய்த ஆட்களும் அதே ஆறு பேர். பயணி காத்திருக்கிற நேரம் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது.

இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் எனக்குச் சுவையாகப் படுகிறது. நம்மூரில் பஸ் பற்றிய வாதம் ஏன் ஒருபோதும் முடிவதில்லை என்பதற்கு அது விடை சொல்கிறது. உரிமையாளர் சங்கத்தில் கேட்டால் “பஸ்ஸில் சனமில்லை, வெறும் சீற்றோடுதான் ஓடுகிறோம்” என்பார்கள். பயணியிடம் கேட்டால் “எந்த நேரமும் நெரிசல், கால் வைக்க இடமில்லை” என்பார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் கேட்கிறவர் நினைப்பார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். மூன்று பஸ்ஸில் இரண்டு வெறுமையாகத்தான் போயின. ஆகவே பஸ்காரர் மூவரில் இருவர் வெறும் பஸ்ஸைத்தான் கண்டார்கள். அறுபது பயணிகளில் ஐம்பது பேர் நெரிந்த பஸ்ஸில்தான் போனார்கள். ஆகவே ஆறு பேரில் ஐந்து பேர் நெரிசலைத்தான் கண்டார்கள். ஆக, குறைவது பஸ்ஸுமல்ல, சனமுமல்ல. பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் இடையிலுள்ள நேரம் குலைந்து கிடக்கிறது. இந்த மடலில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

அந்த நெரிசல் பஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கை முழுவதும் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவை ஒரு தடவையாவது அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம். உள்ளே போடுகிற அறிவித்தலாலும் அவசர இலக்கத்தாலும் இதில் கொஞ்சம்தான் குறையும். ஐம்பது பேரை ஒரே மினிபஸ்ஸுக்குள் அடைத்து, “பின்னுக்குப் போங்கோ, இன்னும் உள்ளுக்குப் போங்கோ” என்று நடத்துநர் தள்ளுகிற இடத்தில், தொந்தரவு செய்கிறவனுக்கு அந்த நெரிசலே மறைப்பாகிவிடுகிறது. அதே ஐம்பது பேர் மூன்று பஸ்ஸில் பிரிந்து இருந்து போனால் அந்த மறைப்பில் பெரும்பங்கு போய்விடும். வசதிப்பட்ட குடும்பங்கள் பொம்பிளைப் பிள்ளைக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுக்கிறதை ஆடம்பரம் என்று சிலர் பேசுவதுண்டு. பல வீடுகளில் அது பஸ்ஸுக்குப் பயந்து பட்ட கடன்.

இங்கேதான் உங்கள் உண்மையான போட்டிக்காரர் யார் என்ற கேள்வி வருகிறது. உங்களுக்கு முன்னால் போகிற பஸ்காரர் உங்களிடமிருந்து இன்று பத்துப் பேரைப் பறிப்பார். நாளை நீங்கள் அவரிடமிருந்து பறிப்பீர்கள். அந்தக் கணக்கு வாரத்தில் சமனாகிவிடும். மோட்டார் சைக்கிள் வாங்கினவர் திரும்பி வருவதில்லை. அவர் பஸ்ஸைக் கைவிட்டது கட்டணத்துக்காக அல்ல. எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர், பஸ் ஏழு மணிக்கு வருமா ஏழே முக்காலுக்கு வருமா என்று தெரியாமல் ஒரு வருடம் நின்று பார்த்துவிட்டுத்தான் லீசிங் கடைக்குப் போனார். மிஞ்சியிருப்பது முதியவர்கள், பாடசாலைப் பிள்ளைகள், கிளினிக்குக்குப் போகிற நோயாளிகள், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறவர்கள். வேறு வழி இல்லாதவர்களை மட்டும் நம்பி ஒரு தொழில் எத்தனை காலம் ஓடும்?

“கதைக்கிறது சுகம், டீசல் அடித்துப் பார்” என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நியாயமான பேச்சுத்தான். 2002இல் வந்த தேசிய பஸ் கட்டணக் கொள்கையின்படி, டீசல், உதிரிப்பாகம், சம்பளம் என்று 12 செலவுக் கூறுகளை எடைபோட்டு ஆண்டுதோறும் ஜூலையில் கட்டணம் திருத்தப்படுகிறது. விலையை நிர்ணயிப்பது அரசு. உங்கள் கையில் இருப்பது ஏற்றுகிற ஆட்களின் எண்ணிக்கை மட்டும். அதனால்தான் நிலையத்தில் நின்று நிரப்புகிறீர்கள். ஆனால் ஒரு பஸ் கூடுதலாகப் பத்து நிமிடம் நின்று பிடிக்கிற ஆட்கள் புதிதாகப் பிறந்தவர்களல்லவே. அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டியவர்கள்தான். பாதை முழுவதையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், நின்று பிடிப்பதால் ஒரு ரூபாகூடக் கூடவில்லை. ஒருவர் சட்டைப்பையிலிருந்து மற்றவர் சட்டைப்பைக்குக் காசு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வழியில் காத்திருந்து அலுத்து ஓட்டோ பிடித்தவரின் காசு முற்றாகவே போய்விட்டது.

இதற்கு மருந்து நம்மூர்க்காரருக்குப் புதிதல்ல. வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்கிறவர்களுக்குப் பங்குக் கிணறு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஒரு கிணறு, ஐந்தாறு பங்குகாரர், ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை. முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பிகூட முறையைக் குழப்புவதில்லை. மற்றவன் இறைக்க முன்னம் நான் முழுவதையும் இறைத்துவிடுவேன் என்று ஒருவர் தொடங்கினால், சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் கிடக்கிற உவர்நீர் மேலே ஏறிவிடும்; பிறகு கிணறு ஒருவருக்கும் உதவாது. உங்கள் வழித்தடமும் ஒரு பங்குக் கிணறு. நேர அட்டவணைதான் அதன் முறை. உவர் ஏறத் தொடங்கியிருப்பதை வீதியில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

முறை இருந்தும் ஏன் நடப்பதில்லை என்றால், அட்டவணை காகிதத்தில் இருக்கிறது, காசு ஓட்டத்தில் இருக்கிறது. நேரத்துக்கு ஓடுகிறவர் நட்டப்படுகிற ஏற்பாட்டில் நேரக்கணிப்பாளர் எவ்வளவு சத்தம் போட்டும் பயனில்லை. ஆகவே காசைப் பிரிக்கிற விதத்தை மாற்ற வேண்டும். ஒரு வழித்தடத்தில் ஓடுகிற எல்லாப் பஸ்களின் அன்றைய வருமானத்தையும் ஒன்றாய்ச் சேர்த்து, நேரத்துக்கு ஓடிய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சமபங்காகப் பிரியுங்கள். முன்னால் போனாலும் பின்னால் போனாலும், நிரம்பிப் போனாலும் வெறுமையாகப் போனாலும், ஓட்டத்துக்கு ஒரே தொகை. அப்போது துரத்துவதற்குக் காரணமே இருக்காது. நிலையத்தில் இரண்டடி முன்னுக்கு நகர்ந்து காட்டுகிற அந்தக் கூத்துக்கும் காரணம் இருக்காது.

இதற்கு உங்களிடமிருந்து வரக்கூடிய மிகப் பலமான ஆட்சேபனை எதுவென்று எனக்குத் தெரியும்: “சேர்த்துப் பிரிப்பதென்றால் எவன் உள்ள காசைச் சொல்லுவான்?” சரியான கேள்வி. பெரும்பாலான உரிமையாளரிடம் இருப்பது ஒரு பஸ், மிஞ்சினால் இரண்டு. சொந்த நடத்துநரையே நம்பாமல் வழியில் ஆள் விட்டுச் சோதிக்கிறவர்கள் மற்றவருடைய நடத்துநரை நம்புவார்களா? விடை ரிக்கற்றில் இருக்கிறது. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் மெசினில் ரிக்கற் அடித்துக் கொடுத்தால் கணக்கு மெசினிலேயே நிற்கும். ரிக்கற் கொடுக்காத பஸ்ஸில் ஏமாறுகிற முதல் ஆள் உரிமையாளர்தான்; பயணி இரண்டாவது ஆள். 2024 ஒக்டோபரில் ஆகக்குறைந்த கட்டணம் 27 ரூபாவானது. அந்த இருபத்தேழை யார் சில்லறையாகக் கொடுத்தது? பயணி முப்பதை நீட்டினார், மூன்று ரூபா மிச்சம் வரவில்லை, கேட்டால் முறைப்பு. ரிக்கற் கையில் இருந்தால் மிச்சத்தைக் கேட்கிற உரிமையாவது காகிதத்தில் இருக்கும். சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு நடத்துநர் பொறுப்பில்லை, அது உண்மை. ஆனால் தட்டுப்பாடு எப்போதும் ஒரு பக்கத்துக்கே இலாபமாக முடிவது எப்படி என்று சனம் யோசிக்காமல் இருக்காது.

சேர்த்துப் பிரிக்கிற ஏற்பாட்டை நான் குற்றமில்லாத ஒன்றாகக் காட்டப் பார்க்கவில்லை. சிலி நாட்டின் தலைநகர் சந்தியாகோவில் 2007க்கு முன் நம்மூரைப் போலத்தான்: ரிக்கற்றுக்கு இவ்வளவு என்று சாரதிக்குப் பங்கு, வீதியெல்லாம் துரத்தல். அந்த வருடம் பெப்ரவரியில் நகரம் முழுவதையும் ஒரே நாளில் புதிய முறைக்கு மாற்றினார்கள். துரத்தல் நின்றது, கூடவே வேறு வியாதி வந்தது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் சம்பளம் ஒன்றுதான் என்றான பின், சில சாரதிகள் தரிப்பிடங்களில் நிற்காமலே போனார்கள். முதல் மாதங்களில் சனம் பட்ட பாடு அரசாங்கத்தையே ஆட்டியது. கைகாட்டியும் நிற்காமல் போகிற இலங்கை போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் பற்றி நாம் சொல்கிற குறையும் இந்த வகைதான். அதனால்தான் மாதச் சம்பளம் என்று சொல்லாமல் பாதையின் மொத்த வருமானத்தில் பங்கு என்கிறேன். மொத்தம் கூடினால் எல்லாருக்கும் கூடும். நிற்காமல் போகிறவர் எல்லாருடைய காசையும் குறைக்கிறார். அவரைக் கேட்க மற்றப் பஸ்காரரே வருவார்கள். பங்குக் கிணற்றில் தண்ணீரை வீணாக்குகிறவரைப் பொலிஸா வந்து கேட்கிறது?

இ.போ.ச. என்றதும் உங்கள் அடுத்த ஆட்சேபனை. “நாங்கள் நேரத்துக்கு ஓடினாலும் கோண்டாவில் சாலையின் பஸ் எங்களுக்கு முன்னால் வந்து விழுகுது.” அவர்களைக் கேட்டால் இதையே திருப்பிச் சொல்வார்கள். 1958 ஜனவரி முதலாந் திகதி நாட்டின் பஸ் கம்பனிகள் எல்லாம் தேசியமயமாகி இலங்கை போக்குவரத்துச் சபையானபோது, கம்பனிகளின் போட்டாபோட்டிக்கு முடிவு வந்ததென்று பேசப்பட்டது. 1979இல் தனியார் பஸ்ஸுக்குத் திரும்பக் கதவு திறந்தபோது, போட்டி வந்தால் சேவை நன்றாகும் என்று பேசப்பட்டது. இரண்டு பேச்சையும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இப்போது பென்சன் வயது. இன்று வடக்கில் நடக்கிற சண்டை 60க்கு 40 என்ற பங்கீட்டிலும், எந்த நிலையத்திலிருந்து யார் புறப்படுவது என்பதிலும் நிற்கிறது. வவுனியாவில் புதிய நிலையம் கட்டிய பிறகும் இழுபறி; யாழ்ப்பாணத்தில் நெடுந்தூர பஸ் நிலையம் திறந்த பிறகும் இழுபறி. நூற்றுக்கு எத்தனை உங்களுக்கு, எத்தனை அவர்களுக்கு என்பது பயணிக்கு ஒரு பொருட்டே அல்ல. புத்தூரில் நிற்கிறவர் சிவப்பு பஸ்ஸா மற்றதா என்று பார்ப்பதில்லை, எத்தனை மணிக்கு என்றுதான் பார்க்கிறார். முதலில் நீங்கள் உங்களுக்குள் முறையாக ஓடிக் காட்டினால், இ.போ.ச.வுடன் இணைந்த நேர அட்டவணை பற்றிய பேச்சில் உங்கள் கை ஓங்கியிருக்கும். அவர்கள் வரட்டும் பிறகு பார்ப்போம் என்று இரண்டு பக்கமும் இருந்தால் இன்னொரு தலைமுறையும் பென்சனுக்குப் போய்விடும்.

கடைசி பஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதையில் மிகக் குறைவான ஆட்களை ஏற்றுவது அதுதான். ஆனால் நாள் முழுவதும் ஓடுகிற மற்றப் பஸ்களை நிரப்புவதும் அதுதான். மாலை ஏழு மணிக்குக் கடையில் வேலை முடிகிற பிள்ளைக்குத் திரும்பி வர பஸ் இல்லையென்றால், காலையில் போகவும் அவர் பஸ்ஸில் ஏறமாட்டார். கடைசி பஸ்ஸின் பெறுமதி அன்றைய அதன் ரிக்கற் காசில் தெரியாது, காலை பஸ்ஸின் காசில் ஒளிந்திருக்கிறது. தனித்தனியாக ஓடினால் அந்த நட்டம் ஒருவர் தலையில் விழும். ஆகவே, ஆளில்லை என்று கண்டவுடன் அவர் வண்டியை வீட்டுக்குத் திருப்புவார். சேர்த்துப் பிரித்தால் அந்த நட்டம் எல்லாருக்குமாகப் பிரிந்து ஒன்றுமில்லாமல் போகும். தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிசு செரிய, பின்தங்கிய கிராமங்களுக்குக் கெமி செரிய, இரவு ஓட்டத்துக்கு நிசி செரிய என்று, ஆள் குறைந்த சேவைக்குப் பணம் கொடுத்து ஓடவைக்கிற திட்டங்கள் இருக்கின்றன. தனி ஒரு பஸ்காரர் போய்க் கேட்பதைவிட, ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிற ஒரு வழித்தடச் சங்கம் போய்க் கேட்டால் கதை வேறு.

இன்னொன்றும் உண்டு. 1990க்குப் பிறகு வடமேற்குப் பக்கம் அச்சுவேலி ஒரு முட்டுச்சந்தாகவே கிடந்தது. இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்தின் கம்பிவேலியோடு வழி முடிந்தது. 2024 நவம்பரில் பலாலி – அச்சுவேலி வீதியும் 2025 ஏப்ரலில் வசாவிளான் – பலாலி வீதியும் திறந்தன. பின்னதைத் திறந்தபோது நேரக் கட்டுப்பாடு போட்டு, நடந்து போகவும் தடை விதித்தார்கள். பயணிகள் பஸ்ஸுக்கு மட்டும் அந்தத் தடை இருக்கவில்லை. நடக்க முடியாத வீதியில் பஸ்தான் கால் என்றானது. மீள்குடியேறுகிறவர்களுக்கும் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கும் அச்சுவேலி இனி முடிவிடமல்ல, மாறி ஏறுகிற இடம். மாறி ஏறுகிற இடத்தில் நேரம் தவறினால் ஒரு காத்திருப்பு இரண்டாகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. சந்தியாகோ செய்த பிழை அது. ஒரு பாடசாலைத் தவணைக்கு மட்டும், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை ஓடுகிற ஓட்டங்களை மட்டும் சேர்த்துப் பிரித்துப் பாருங்கள். மீதி நேரத்துக்கு இன்றுள்ளபடியே இருக்கட்டும். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரத்துக்கு அந்த மூன்று மணித்தியால வருமானத்தைத் தனியாக எழுதி வையுங்கள், தவணை முடிய ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் விட்டுவிடலாம், நானும் இந்தப் பேச்சை இனி எடுக்கமாட்டேன். பஸ் புறப்படும் நேரங்களை எழுதி அச்சுவேலிச் சந்தியில் ஒரு பலகை, புத்தூரில் ஒன்று, கோப்பாயில் ஒன்று வைக்க வேண்டும். தகரமும் பெயின்றும் எழுதுகிற கூலியும் பயணிகளாகிய நாங்கள் சேர்த்துத் தருகிறோம். எழுதவேண்டிய நேரங்களை நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அச்சுவேலியிலிருந்து ஒரு பயணி